காப்பகத்தில் இருந்து எடுக்கும் நாய் உதவி நாய் வேலைக்குச் சரிப்பட்டு வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தில் ஒரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது. "ஒரு மணி நேரம் கூடவே இருந்தோம், ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை, யார் தொட்டாலும் பேசாமல் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரியை அப்படியே நானும் ஒரு காலத்தில் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் பயிற்சியாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு காதும் ஏறக்குறைய கேட்காது. உதவி நாய், அதாவது உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு அன்றாட வேலைகளில் உதவப் பழக்கிய நாய், எனக்கும் வேண்டும் என்று இரண்டு நாய்களை எடுத்தேன், ஒன்றில் தோற்றேன், இன்னொன்றில் பிழைத்தேன், அவ்வளவுதான் என் தகுதி. தொழில் தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். "நாய் என்ன மிஷினா, டெஸ்ட் வைத்து எடுக்க?" என்று கேட்கவும் நாலு பேர் வருவார்கள். பயந்த நாயை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் நிறுத்துவதைவிட டெஸ்ட் வைப்பது பாவமில்லை.

முதல் நாய் ராஜா. காப்பகத்தில் மற்ற எல்லாம் கம்பியில் தாவிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தான். தொட்டேன், அசையவில்லை. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், காதை மடக்கிப் பார்த்தேன், பேசாமல் கொடுத்தான். பிஸ்கெட்டை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தீனிக்கு அலையாத நாய் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ராஜாவுக்கு உயிர் வந்தது. கதவு தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். குடை பிடித்த ஆளைக் கண்டால் உறுமல். மாடிப்படியின் இரும்புக் கிராதியில் கால் வைக்கவே மாட்டான், தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். நான் அமைதி என்று நினைத்தது அமைதியே இல்லை, அவன் பயத்தில் உறைந்துபோய்க் கிடந்திருக்கிறான். பிடித்த தீனியைக்கூடத் தொடாத நாய் பெரும்பாலும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் நாய். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது எல்லாம் அதே கணக்குதான். இவை அத்தனையும் அன்று என் கண்ணெதிரே நடந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. காப்பகத்துக்கு வந்த முதல் சில நாட்களில் நாயின் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எகிறிக் கிடக்கும். அந்த நிலையில் பார்க்கிற குணம் நாயின் குணம் இல்லை, அந்த இடத்தின் குணம்.

அதனால் இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. மணி என்று காப்பகத்திலேயே பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றரை வயது, வாலுப்பயல், யார் வந்தாலும் மேலே ஏறுவான். "இவனா? இவன் தொல்லைங்க" என்றார்கள். நாலு வெவ்வேறு நாட்கள் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் காலையில், ஒரு நாள் சாயங்காலம், ஒரு நாள் வெளியே தெருவில், ஒரு நாள் என் தங்கையை அனுப்பி நான் தள்ளி நின்று.

முக்கியமான சோதனை இதுதான். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு எவர்சில்வர் தட்டைப் பின்னால் தரையில் போட்டேன். சத்தம் எனக்குக் கேட்காது, பாதத்தில் அதிர்வு தெரிந்தது, மற்றபடி நாயைத்தான் பார்க்க முடியும், அதுவே நல்லதாகப் போயிற்று. துள்ளிப் பின்வாங்கினான், வால் இறங்கியது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் பின்னங்காலை அங்கேயே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டினான். அப்புறம் ஒவ்வொரு அடியாக வந்து தட்டை முகர்ந்தான். முகர்ந்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

அந்தப் பார்வைக்காகத்தான் எடுத்தேன். பயப்படாத நாய் என்று ஒன்று கிடையாது, எவ்வளவு சீக்கிரம் தேறி வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். இரண்டாம் தடவை போட்டபோது திடுக்கிடல் குறைந்தது, மூன்றாம் தடவை காதை மட்டும் திருப்பினான். ஒவ்வொரு தடவையும் பயம் ஏறிக்கொண்டே போகிற நாய் என்றால் விட்டுவிடுங்கள். கடித்துப் பழகிய நாய் என்றால் பேச்சே வேண்டாம்.

வேலையைப் பொறுத்து வேண்டிய குணமும் மாறும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காது கேளாதவருக்கான நாய் சத்தம் கேட்டால் சும்மா இருக்கக்கூடாது, எழுந்து போய்ப் பார்க்கவேண்டும், வந்து மூக்காலோ காலாலோ நம்மைத் தட்டி அந்த இடத்துக்குக் கூட்டிப்போகவேண்டும். துறுதுறு நாய்க்குத்தான் அது வரும். நீங்கள் யாருக்கு என்று எழுதவில்லை, வீட்டில் யாரோ சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நிதானமான நாய் வேண்டும், கீழே விழுந்ததை வாயால் எடுத்துவரும் ஆசை வேண்டும், உருளும் சக்கரத்தின் பக்கத்தில் மிரளாமல் நடக்கவேண்டும். இழுக்கிற, தாங்குகிற வேலை இருந்தால் இடுப்பு, முழங்கை மூட்டுகளுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் பயிற்சியில் கால் வைக்காதீர்கள்.

இவ்வளவு பார்த்தாலும் உத்தரவாதம் இல்லை. காப்பக நாய்களை உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்க வைக்கும் சோதனைகளை 1997இல் எமிலி வைஸ், கேரி கிரீன்பெர்க் என்ற இருவர் ஆராய்ந்து, பின்னால் எது தேறும் என்பதை அவை சரியாகச் சொல்வதில்லை என்று எழுதினார்கள். இதற்கென்றே வளர்க்கும் குட்டிகளிலேயே நிறைய கழிந்துபோகின்றன. தட்டு போட்டுப் பார்ப்பதால் வேண்டாததைக் கழிக்கலாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. மணிக்குப் பயிற்சி கொடுக்க முதலில் ஒருவரிடம் போனேன். காது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன் என்று சொன்ன பிறகும் நாயைப் பார்த்துக் குனிந்துகொண்டே பேசினார். என்ன சொன்னீர்கள் என்றால் "ஒண்ணுமில்ல விடுங்க" என்று கையை ஆட்டினார். இந்த "ஒண்ணுமில்ல விடுங்க"வைச் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில், ஆபீஸில், சொந்த அண்ணனிடம். எல்லோரும் சிரிப்பார்கள், என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததற்கா பத்துப் பேர் சிரிக்கிறீர்கள்? திருப்பிச் சொல்ல ஐந்து வினாடி ஆகாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும், எழுதிவிட்டேன், இருக்கட்டும். அந்த ஆளிடம் மூன்று வகுப்போடு நிறுத்திவிட்டு வேறொரு பெண்மணியிடம் போனோம். ஒன்றரை வருடம் பிடித்தது.

உங்களுக்கு நான் சொல்வது: அந்த அமைதியான நாயை வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தால் தத்தெடுப்பதற்கு முன் சில வாரம் வீட்டில் வைத்திருக்க அனுமதி கேளுங்கள். முதல் வாரம் எதுவும் செய்யாதீர்கள், தூங்கவிடுங்கள். மூன்றாவது, நாலாவது வாரம் தட்டைப் போடுங்கள். தேறாவிட்டால் வீட்டு நாயாக வைத்துக்கொள்ள மனசு இருக்கிறதா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், அப்போது போய் யோசிக்காதீர்கள்.

ராஜாவைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை, தங்கை வீட்டில் இருக்கிறான். மிக்ஸி ஓடினால் இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான்.