இரவு வேலையைக் காரணம் காட்டினால் விடாதீர்கள்

வணக்கம் சகோதரி. சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் ஏழு ஆண்டாகப் பொறியாளர் நீங்கள். நீங்கள் பழக்கிவிட்ட ஆண் ஊழியர் உதவி மேலாளராகி, சம்பளமும் கூடுதலாக வாங்குகிறார்; கேட்டால் "ராத்திரி வேலை உங்களுக்குச் சரிப்படாது" என்கிறார் மேலாளர். உங்கள் கடிதத்தைப் படிக்கவே கோபம் வந்தது.

அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் பிடி. இன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "பதவி உயர்வு கிடைக்காததற்கு இரவு வேலையைக் காரணமாகச் சொன்னீர்கள். நான் இரவு வேலைக்குத் தயார். அடுத்த உயர்வுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்." தேதியோடு பதிவாகிவிடும். பதில் வராவிட்டால் அதுவும் சான்றுதான். ஆனால் உண்மையிலேயே தயார் என்றால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

சம்பளப் பேச்சில் அந்த ஆண் ஊழியர் வாங்குவதை இழுக்க வேண்டாம். மனிதவள அமைச்சின் தொழில்வாரிச் சம்பள அட்டவணையை எடுத்துப் பேசுங்கள். வயது, படிப்பு, தொழில் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் 2023ல் ஆண்–பெண் ஊதிய இடைவெளி 6 விழுக்காடு என்று அமைச்சே சொல்லியிருக்கிறது.

எச்ஆர் மழுப்பினால், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பிடம் (TAFEP) போங்கள். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடப்புக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பாலினப் பாகுபாட்டுப் புகாரை டாஃபெப் இப்போதே எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். மேலாளர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள், அப்புறம் அடுத்ததை யோசிக்கலாம்.