புத்தகப் பெட்டிக்குள் ஒரு கைதி

கேள்வி: நெதர்லாந்தின் பழைய கோட்டைச் சிறைகளிலிருந்து யாராவது தப்பியிருக்கிறார்களா? (ஏழாம் வகுப்பு வாசகி)

பதில்: ஓ, புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்தே ஒருவர் தப்பியிருக்கிறார்! லூவெஸ்டைன் கோட்டை, மாஸ், வால் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் டிர்க் லூஃப் என்ற பிரபு கட்டியது, பெயரும் அவருடையதுதான். பிற்பாடு சிறையானது.

மதமும் அரசியலும் கலந்த சண்டையில் தோற்ற பக்கம் நின்ற சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸை 1619-இல் ஆயுள் தண்டனை கொடுத்து இங்கே அடைத்தார்கள். அவரால் படிக்காமல் இருக்க முடியாது, அதனால் பெட்டி நிறையப் புத்தகங்கள் வரும், போகும். காவலர்கள் முதலில் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தார்கள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். இதைக் கவனித்தது அவர் மனைவி மரியா. என்ன கூர்மை பாருங்கள்!

1621 மார்ச் 22 அன்று கணவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். காலை நீட்டக்கூட இடமில்லை, இருமினால் போச்சு. எல்ஸ்யே என்ற பணிப்பெண் பெட்டியோடு படகில் போய், பக்கத்து ஊரான கோர்கமில் பத்திரமாகச் சேர்த்தார். (எனக்கு அவர்தான் இந்தக் கதையின் நாயகி.) அங்கிருந்து கொத்தனார் வேடத்தில் கிளம்பிய குரோஷியஸ் கடைசியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மரியாவையும் சீக்கிரமே விடுவித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று நெதர்லாந்தில் இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் சொல்கின்றன.