தங்கச்சி நீட்டிய புத்தகம்

கேள்வி: எனக்கு வயது 24. மார்த்தாண்டம் பக்கம் ஊர். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஏஜென்ஸியில் பில்லிங், கணக்கு பார்க்கிறேன். சம்பளம் 13 ஆயிரம். கூடப் படித்தவன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், ஐ.டி. கம்பெனி ஒன்றில் இருக்கிறான். எனக்கும் பைத்தான் மாதிரி ஒரு புரோகிராமிங் மொழி படித்து அந்தப் பக்கம் போக ஆசை. நாகர்கோவிலில் ஒரு சென்டரில் ஆறு மாதக் கோர்ஸுக்கு 70 ஆயிரம் கேட்கிறார்கள். வேலை நூறு சதவீதம் உறுதி என்கிறார்கள். ஆன்லைனில் தள்ளுபடியில் மூன்று கோர்ஸ் வாங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. புத்தகம் வாங்கலாம் என்றால் ஒவ்வொன்றும் 800, 900 ரூபாய். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி, ‘அண்ணா, இதுலயும் பைத்தான் இருக்கு’ என்று அவள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்கூல் புக்கை வைத்து யார் வேலை வாங்குவது? அப்பா ரப்பர் வெட்டப் போகிறார், அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. தங்கச்சிக்கென்று எடுத்து வைத்திருக்கும் வளையலை வைத்துப் பணம் தருகிறேன் என்கிறாள் அம்மா. குறைந்த செலவில் நல்ல புத்தகம், நல்ல கோர்ஸ் எது என்று சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே வரியில் அதை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுத் தள்ளிவிட்டாய். ‘ஸ்கூல் புக்கை வைத்து யார் வேலை வாங்குவது?’ அங்கிருந்தே தொடங்குகிறேன். சென்டர், தள்ளுபடி, டெக்னோபார்க் எல்லாம் அப்புறம்.

அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாயா? பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். 2019-ல் புதிதாக வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் அது. மொத்தம் 16 பாடம். பைத்தானில் வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன், ஸ்ட்ரிங், லிஸ்ட், டிக்ஷனரி, கிளாஸ் என்று ஒவ்வொன்றாகப் போய், டேட்டாபேஸ், அதிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கிற எஸ்கியூஎல், அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கிற சிஎஸ்வி ஃபைல், கடைசியில் வரைபடம் போடுவது வரை இருக்கிறது. அந்தச் சென்டர்காரர்கள் உன் கையில் ஒரு பாடத்திட்டத் தாள் கொடுத்திருப்பார்களே, அதை எடுத்து இந்தப் புத்தகத்தின் பொருளடக்கத்துக்குப் பக்கத்தில் வை. எத்தனை தலைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது என்று பென்சிலால் டிக் அடி. அதைச் செய்த பிறகு 70 ஆயிரத்தைப் பற்றிப் பேசலாம்.

புத்தகத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நான்கு பாடம் வறட்டுத் தியரி. புதிதாக வருகிறவன் அதில் நுழைந்தால் நமக்கு இது ஒத்துவராது என்று மூடி வைத்துவிடுவான். நீ அதைத் தள்ளிவிட்டு ஐந்தாம் பாடத்தில் தொடங்கு. சி++ என்கிற வேறொரு மொழியில் எழுதிய நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவருகிற பதினான்காம் பாடமும் இப்போதைக்கு வேண்டாம். மற்றதெல்லாம் வரிசையாகப் படி. படிப்பது என்றால் கண்ணால் வாசிப்பதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் கையால் டைப் அடித்து ஓடவிட வேண்டும். பிழை வரும். வரட்டும். அந்தப் பிழைச் செய்தியை எழுத்துக் கூட்டியாவது முழுசாக வாசித்து, எந்த வரியில் தப்பு என்று நீயே கண்டுபிடி. இந்தத் தொழிலில் பாதி வேலை அதுதான்.

இன்னொன்று. இந்தப் புத்தகம் தமிழ் வழியிலும் இருக்கிறது, ஆங்கில வழியிலும் இருக்கிறது. பாடம் இரண்டிலும் ஒன்றேதான். இரண்டையும் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் தடுக்கிறது என்றால் முதலில் தமிழில் ஒரு பாடத்தைப் படித்து விஷயத்தைப் பிடி, அப்புறம் அதே பாடத்தை ஆங்கிலத்தில் படி. நாளைக்கு இன்டர்வியூவில் ஆங்கிலச் சொல்லில்தான் கேட்பார்கள். அதற்கும் இதிலேயே பழகிவிடலாம்.

இவ்வளவும் உன் வீட்டு மேசை மேலேயே இருந்தது. ஒரு பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தும் காட்டியிருக்கிறாள். நீ ஏன் வாங்கிப் பார்க்கவில்லை? காசு கொடுக்காமல் கிடைத்தது என்பது ஒரு காரணம். காசு கொடுத்து வாங்கிய மூன்று கோர்ஸை என்ன செய்தாய்? அவையும் அப்படியேதான் கிடக்கின்றன. அப்போது விலை காரணமாக இருக்க முடியாது. காட்டியவள் உனக்கு ஆறேழு வயது இளையவள், அதுதான் காரணம். தங்கச்சி சொல்லி நான் படிப்பதா என்று உன் மனசு சொல்லியிருக்கிறது. இதே புத்தகத்தை உன் டெக்னோபார்க் சிநேகிதன் நீட்டியிருந்தால் அன்று ராத்திரியே உட்கார்ந்திருப்பாய்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் எந்தக் கோர்ஸ், எந்தப் புத்தகம், எந்தச் சென்டர் என்றே கேட்கிறார்கள். வீட்டில் இருக்கிறவள் என்ன படிக்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. நம் ஜில்லாவில் படித்த பெண் இல்லாத வீடு குறைவு. அப்படியிருந்தும் அவள் சொல்வது மட்டும் காதில் விழாது.

அடுத்த விஷயம், வளையல். மக்களே, அது யாருடையது? உன் அம்மா எடுத்தது, தங்கச்சிக்காக எடுத்து வைத்தது. அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்களின் கையை நீ தினமும் பார்க்கிறவன். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். எந்தச் சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையால் சேர்த்த பவுன். உன் அப்பா விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறார். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அந்த வீட்டில் சும்மா கிடக்கிற பணம் என்று ஒன்று இருக்க முடியாது. தங்கச்சி பிளஸ் டூ முடித்ததும் அவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். பஸ் செலவு, ஹாஸ்டல், துணிமணி எல்லாம் உண்டு. நீ ஆறு மாதத்தில் வேலைக்குப் போய் மீட்டுவிடுவாய் என்று அம்மா நம்புகிறாள். வட்டி ஏறி, நகை மூழ்கிவிட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? கல்யாணத்துக்கு இல்லாமல் போய்விடுமே என்று நான் கவலைப்படுவதாக நினைக்காதே. அவள் படிப்புக்கு இல்லாமல் போய்விடுமே என்றுதான் கேட்கிறேன்.

அண்ணன் என்றால் தங்கச்சி பங்கில் கை வைக்கக் கூடாது. அவளுக்கு ஒன்று சேர்த்துக் கொடுக்க வேண்டியவன் நீ. அம்மா ஆசையாகத் தருகிறாள் என்பது சமாதானம் ஆகாது. அம்மாக்கள் எதைத்தான் தர மாட்டார்கள்? வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் பிள்ளை. உனக்குச் சம்பளம் வருகிறது. உன் படிப்புக்கு உன் சம்பளத்தில் செலவு செய். அதற்கு என்ன செய்யலாம் என்று கேள்.

பள்ளிப் புத்தகத்தோடு சேர்த்து ஐஐடி மும்பையின் ஸ்போகன் டுட்டோரியல் வீடியோக்களைப் பார். இலவசம். சின்னச் சின்னப் பாடமாக இருக்கும், தமிழிலும் பேசியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே கூடவே செய்து பழகுகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து இணையத்தில் நடத்துகிற கோர்ஸ்கள் அவை. பைத்தானில் தொடக்கநிலைக் கோர்ஸும் உண்டு. சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்துகிற டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் (தகவலை அடுக்கி வைக்கும் முறை, கணக்கைத் தீர்க்கும் வழிமுறை) கோர்ஸும் உண்டு. பின்னது கொஞ்சம் கடினம். ஆனால் இன்டர்வியூவில் கேட்பது அதைத்தான். சேர்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு கோர்ஸுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் வாங்கிவருகிறார்கள். பரீட்சையை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும் என்பதால் அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வீடியோவை ஓடவிட்டாலே வந்து விழுகிற சான்றிதழை யார் மதிக்கப் போகிறார்கள்?

புத்தகத்துக்கு 900 ரூபாய் கொடுக்காதே. ஆலன் டவுனி எழுதிய ‘திங்க் பைத்தான்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எழுதியவரே கொடுத்திருக்கிறார். அலுவலக வேலைகளைப் பைத்தானில் தானாகச் செய்ய வைப்பதைச் சொல்லித் தருகிற அல் ஸ்வைகார்ட்டின் ‘ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப்’ புத்தகத்தையும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். கணக்கு எழுதுகிற உனக்கு அது இரண்டும் போதும். தாளில் புத்தகம் இருந்தால்தான் படிக்க முடியும் என்றால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் ஒரே ஒரு சோதனை செய். பைத்தான் புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் ‘பிரிண்ட்’ என்று வருகிற இடத்தைப் பார். அதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் நேரே மேற்கோள்குறி வந்தால் அது பைத்தான் 2 புத்தகம். பைத்தான் மொழியின் அந்தப் பழைய பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இருபது ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதே. சி மொழிப் புத்தகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988-ல் வந்தது, இன்றைக்கும் அதை வைத்துப் படிக்கிறார்கள்.

பாதியில் நிற்கிற மூன்று கோர்ஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடு. போன காசு போகட்டும். நாலாவது கோர்ஸ் வாங்க மாட்டேன் என்று உனக்கு நீயே சத்தியம் செய்துகொள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று போட்டிருப்பார்கள். அடுத்த வாரமும் அதே தள்ளுபடி இருக்கும்.

பதின்மூன்றாம் பாடம் சிஎஸ்வி ஃபைலைப் பற்றியது. அங்கே வந்ததும் கொஞ்ச நாள் நில். உன் ஏஜென்ஸியில் தினமும் பில் போடுகிறாய். முதலாளியிடம் கேட்டு ஒரு மாத பில்லை எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக எடு, வாங்கியவர்கள் பெயரையெல்லாம் நீக்கிவிடு. எந்தச் சரக்கு எவ்வளவு போனது, எந்த ஜிஎஸ்டி விகிதத்தில் எவ்வளவு வரி, நிலுவை எவ்வளவு என்று கூட்டித் தருகிற ஒரு புரோகிராம் எழுது. கையால் போட்ட கூட்டலும் அதுவும் பைசா சுத்தமாக ஒத்துவரும் வரை விடாதே. இன்டர்வியூவில் உட்கார்ந்து, ‘எங்கள் ஏஜென்ஸியில் மாதக் கடைசிக் கணக்கை இப்போது இதில்தான் போடுகிறோம்’ என்று சொல்கிற பையனை எதிரே இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பி.காம் படித்தது வீண் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கணக்குத் தெரிந்து புரோகிராமும் எழுதத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிறது.

சென்டருக்கு வருகிறேன். எல்லாச் சென்டரும் மோசம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ‘வேலை நூறு சதவீதம் உறுதி’ என்று சொல்கிற இடத்தில் பணம் கட்டாதே. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் வாக்குறுதி கொடுத்துப் பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. இன்னும் அதைச் சொல்லி ஆள் பிடிக்கிறவர்கள் வேறு எதில் உண்மையாக இருப்பார்கள்? பின்னால் எங்கே சேர்வதானாலும், போன பேட்ச்சில் படித்தவர்கள் இரண்டு பேரை நீயாகத் தேடிப் பிடித்துப் பேசு. சென்டர் கொடுக்கிற நம்பர் வேண்டாம். பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கு. மாதத் தவணை கேள். அந்தத் தவணை உன் 13 ஆயிரத்துக்குள் அடங்காவிட்டால் அந்தக் கோர்ஸ் உனக்கு வேண்டாம்.

டெக்னோபார்க் எங்கும் ஓடிப் போகாது. குழித்துறையில் ரயிலேறி வேலைக்குப் போய் வருகிறவர்கள் உன் ஊரிலேயே இருப்பார்கள். ஒரு வருஷம் கழித்துப் போனாலும் அதே ரயில்தான்.

இப்போது செய்ய வேண்டியது இது. இன்று ராத்திரி சாப்பிட்டதும் தங்கச்சியிடம் போய், ‘அந்தப் புக்கைத் தா, அஞ்சாம் பாடத்தை எனக்குச் சொல்லித் தா’ என்று கேள். கேட்கத் தயக்கமாக இருக்கும். கேள். அவள் பரீட்சைக்குப் படிக்கிறவள், உனக்குச் சொல்லித் தந்தால் அவளுக்கும் பாடம் நிற்கும். உனக்குக் கணக்கு நன்றாக வரும், அவளுக்கு அக்கவுண்டன்சி இருந்தால் நீ சொல்லித் தா. அம்மாவிடம், வளையல் வேண்டாம், அது அவள் காலேஜுக்கு என்று தங்கச்சி முன்னால் வைத்தே சொல்லிவிடு.

பதின்மூன்றாம் பாடம் முடிந்து, ஏஜென்ஸிக் கணக்கு ஒத்துவந்த பிறகு எனக்கு மறுபடி எழுது. அடுத்து எதைப் படிக்கலாம் என்று அப்போது பேசுவோம். தங்கச்சி எந்தெந்தக் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பதையும் அதில் எழுத வேண்டும்.