தோடும் ஜெபக்குறிப்பும்

கேள்வி: எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த சகோதரி ஒருவர் தோடு, வளையலைக் கழற்றவே இல்லை. பாரத்தோடு அவர் பெயரைச் சொல்லி, ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு போட்டேன். அதன்பின் அவர் ஆராதனைக்கே வருவதில்லை. கண்டித்து உணர்த்தும்படி வேதம்தானே சொல்கிறது?
— ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: சொல்கிறது. எதைக் கண்டிப்பது, எப்படிக் கண்டிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டிலும் தவறியிருக்கிறீர்கள், சகோதரி.

சபை யாரை விலக்கி வைக்கலாம் என்று 1 கொரிந்தியர் 5:11 பட்டியலே தருகிறது: விபசாரக்காரன், பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன், வெறியன் (குடிவெறியன்), கொள்ளைக்காரன். தோடு போட்டவர் அதில் இல்லை. பிறரைப் பழித்துப் பேசும் உதாசினன் இருக்கிறான். பொன்னாபரணம் உங்கள் அலங்காரமாக இருக்க வேண்டாம் என்னும் 1 பேதுரு 3:3-ஐக் காட்டுவீர்கள். அதே வசனம் மயிரைப் பின்னுவதையும் உயர்ந்த வஸ்திரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சடை பின்னி, பட்டுச்சேலை கட்டி வருகிறவர்களுக்காக என்றைக்காவது ஜெபக்குறிப்பு போட்டீர்களா? நகை வேண்டாம் என்பது உங்கள் மனச்சாட்சியின் தீர்மானமானால் அதைக் கர்த்தருக்கென்று காத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் உணவிலும் நாளிலும் விசுவாசிகள் வேறுபட்டபோது, ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்றுதான் ரோமர் 14 பேசுகிறது.

நீங்கள் வாழும் ஊரிலேயே 1947 செப்டம்பர் 27 அன்று, புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பது போன்ற பெரிய கேள்விகளையே பொறுமையாகப் பேசித் தீர்த்தார்கள். நம்மால் ஒரு ஜோடித் தோட்டைப் பொறுக்க முடியவில்லையே!

அடுத்து, எப்படி என்பது. அது உண்மையான பாவமாகவே இருந்தாலும், மத்தேயு 18:15 முதல் படியாகச் சொல்வது, தனித்திருக்கையில் அவரிடமே பேசுவது. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போவது இரண்டாம் படி. சபைக்குத் தெரிவிப்பது மூன்றாவதுதான். நீங்கள் நேராக மூன்றாவதில் ஏறிவிட்டீர்கள். ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்ததால் அது கோள் இல்லை என்றாகிவிடாது.

இப்போது உங்களுக்குப் பொருந்துவது மத்தேயு 5:23-24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, மனம் வருந்தியிருப்பவரிடம் முதலில் போகச் சொல்கிறது. ஆகவே அடுத்த ஞாயிறுக்கு முன் அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று இழுக்காமல், "உங்களைப் பற்றி மற்றவர்களிடம் எழுதியது என் தப்பு" என்று சொல்லுங்கள். நகைப் பேச்சையே எடுக்காதீர்கள். சபைக்குத் திரும்பி வரச் சொல்லி அன்றே வற்புறுத்தவும் வேண்டாம். பிறகு அதே வாட்ஸ்அப் குழுவில், அவருடைய நகையைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் எழுதாமல், நீங்கள் செய்தது தவறு என்று பதிவிடுங்கள். குழுவில் வைத்த குற்றச்சாட்டைக் குழுவிலேதான் எடுக்க வேண்டும்.

உங்கள் சபைக்கு நகை குறித்து ஒழுங்கு உண்டென்றால், அதை ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலேயே போதகர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாரா என்று அவரிடம் கேளுங்கள். இனி யாராவது இன்னொருவர் பெயரோடு இப்படி ஒரு குறிப்பைக் கொண்டுவந்தால், ஜெபிக்கும் முன், "அவரிடம் நேரில் பேசினீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.