மேகத்துக்குள் மறைந்திருக்கும் நட்சத்திரத்தை, ஒளியின் தளவிளைவை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் மொட்டை மாடிக்குப் போய்விட்டு வாருங்கள். சூரியன் மறையும் நேரம், போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாக உச்சிவானத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் நீலம் கறுக்கும், இன்னும் கால் வட்டம் திருப்பினால் வெளுக்கும். (பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி என்றால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நான் அப்படித்தான் முதலில் ஏமாந்தேன்.)

காற்று மூலக்கூறில் பட்டுச் செங்கோணத்தில் சிதறி வரும் சூரிய ஒளி, பெரும்பாலும் ஒரே திசையில்தான் அதிரும். இதைத்தான் தளவிளைவு என்கிறோம். அந்தத் திசை, சூரியன் இருக்கும் பக்கத்துக்குக் குறுக்காக இருக்கும். சூரியனை மேகம் மறைத்தாலும், கொஞ்சம் நீலவானம் தெரிந்தால் போதும், தேனீ வழி கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

வானியலாளர்கள் செய்வதும் தேனீ வேலைதான். ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்துக்குப் பின்னால், நம்மிடமிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் ஓஎம்சி-1 என்று ஒரு அடர்ந்த மேகம் இருக்கிறது. உள்ளே புது நட்சத்திரங்கள். தூசு என்கிறோமே தவிர, துகள்கள் ஊதுபத்திப் புகை அளவுக்குப் பொடியானவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை வெளியே விடுவதில்லை. அகச்சிவப்பு ஒளி மட்டும் சிதறிச் சிதறி வெளியே வருகிறது.

அந்த அகச்சிவப்பு ஒளியில் மேகத்தைப் படம் எடுத்து, அதில் ஒவ்வொரு இடத்திலும் ஒளி அதிரும் திசையை அளந்து, ஒரு சிறு கோடு போடுகிறார்கள். விளக்கைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல, கோடுகள் வட்ட வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் செங்குத்தாகக் கோடு இழுத்தால் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். விளக்கு அங்கேதான்! ஓஎம்சி-1இல் இப்படி விளக்கு என்று தெரியவந்தவற்றில் ஒன்று பிஎன் என்ற நட்சத்திரம். அது அங்கே இருப்பதை 1967இலேயே பெக்லினும் நியூகெபவரும் கண்டுபிடித்திருந்தார்கள்.

சரி, இதில் ஒரு சிக்கலும் உண்டு. காந்தப்புலத்தால் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் தூசுகளின் ஊடே நேராக வரும் ஒளிக்கும் தளவிளைவு வந்துவிடும். இது தெரியவந்ததே ஒரு தற்செயல். சூடான நட்சத்திரங்களின் விளிம்பு ஒளியில் தளவிளைவு இருக்கும் என்று நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் 1946இல் கணித்திருந்தார். அதைத் தேடிப் போன ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் கண்டது, வழியில் கிடந்த தூசின் வேலையை.

அதனால் கோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்தால் சிதறல் என்றும், பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒரே திசையில் நின்றால் பெரும்பாலும் காந்தப்புலம் என்றும் பிரிக்கிறார்கள். இரண்டும் கலந்த இடத்தில் வட்டங்கள் நசுங்கிப் போகும், அப்போது விளக்கைத் தேடுவது பெரிய தலைவலி.