ஆன்லைனில் விற்கும் 'பழங்காலப் பித்தளை செக்ஸ்டன்ட்' கடலில் வழி காட்டுமா?

பெரும்பாலானவை காட்டாது. மேசையில் வைத்து அழகு பார்க்க அருமையானவை. நம் நாட்டில் உத்தராகண்டின் ரூர்க்கியில் நிறையவே செய்கிறார்கள்.

அடிவானத்திலிருந்து சூரியனோ நட்சத்திரமோ எத்தனை கோணத்தில் நிற்கிறது என்று அளப்பதுதான் செக்ஸ்டன்டின் வேலை. டிகிரியில் 60-இல் ஒரு பங்கு பிசகினாலே, அதை வைத்துப் போடும் கப்பலின் இடக் கணக்கு 1 கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப்போகும். அரை டிகிரி என்றால் ஏறக்குறைய 55 கி.மீ.! மலிவான மாதிரிகளில் கண்ணாடி லேசாகச் சாய்ந்திருக்கும், அதைச் சரிசெய்யும் திருகும் பல நேரம் இருக்காது.

கையில் ஒன்று இருந்தால் கடற்கரையில் சோதித்துப் பாருங்கள். கருவியில் அளவுகோல்மேல் நகரும் சட்டத்தைச் சுழியத்தில் நிறுத்தி அடிவானத்தைப் பார்த்தால், நேர்க்காட்சியும் கண்ணாடியில் தெரியும் பிம்பமும் ஒரே கோடாகச் சேர வேண்டும். படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிந்தால் பிழை இருக்கிறது. அது மாறாத சிறு பிழையானால் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்ற பொறிப்பை நம்பிப் பழம்பொருள் விலை கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947-இல்தான்.

உண்மையாகவே பழக ஆசையென்றால், பயிற்சிக்கென்றே வரும் பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் போதும். அலங்கார மாதிரியின் நிறக்கண்ணாடியை நம்பி மட்டும் சூரியனைப் பார்க்கவே வேண்டாம், கண் போய்விடும்.