மூன்று மாதமா, நான்கு மாதமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. பெங்களூரு ஏ டிவிஷன் ஃபுட்பால் கிளப் ஒன்றில் கோல்கீப்பர். இடுப்புப் பக்கம் ஜவ்வு விலகி, கால் வரை வலி இறங்கியதால் இரண்டு மாதத்துக்கு முன் முதுகில் ஆபரேஷன் நடந்தது. இப்போது வலி இல்லை, நன்றாக நடக்கிறான். ஆனால் ராத்திரி முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கிறான். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் கோல்கீப்பராக இருந்த டெர் ஸ்டெகனுக்கு நடந்த முதுகு ஆபரேஷன் பற்றி வந்த செய்திகளைத் தேடித் தேடிப் படிக்கிறான். ஒரு நாள், "அவரே ரெண்டு மாசத்துல வந்துட்டார்மா" என்று துள்ளுகிறான். மறுநாள், "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். கிளப் செக்ரட்டரி வாரம் தவறாமல் ஃபோன் செய்து எப்போது வருவான் என்று கேட்கிறார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார். தெருவில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு ட்ரையல் இருக்கிறது. எந்தச் செய்தியை நம்புவது? யாருக்கு என்ன பதில் சொல்வது? அவனை மைதானத்துப் பக்கம் அனுப்பலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கௌதமபுரம், அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஃபோனை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். ஒரு கோல்கீப்பர் இன்னொரு கோல்கீப்பரின் முதுகைப் பற்றிப் படிக்கிறான் என்றால் அதில் தன்னைத்தான் தேடுகிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதையை முதலிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். இப்போது அவன் ஒவ்வொரு துண்டாகப் படிக்கிறான். எந்தத் துண்டு கண்ணில் படுகிறதோ, அன்றைக்கு அவன் மனநிலையும் அதுதான்.

வரிசை இதுதான். மார்க்-ஆந்த்ரே டெர் ஸ்டெகனுக்கு 2023 டிசம்பரில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. 2024 பிப்ரவரியில் ஆட வந்துவிட்டார். உங்கள் மகன் துள்ளுகிற "ரெண்டு மாசம்" இதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து பல மாதம் வெளியே இருந்தார். அப்புறம் 2025 ஜூலையில் அதே முதுகில் மறுபடியும் ஆபரேஷன். முதல் முறை சீக்கிரம் வந்ததால்தான் இரண்டாவது ஆபரேஷன் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு மாதக் கணக்கை எடுத்துக்கொள்கிற பிள்ளை, அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2025இல் நடந்த கூத்தை அவன் நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே டெர் ஸ்டெகன், ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர்கள் கணித்திருப்பதாக வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு ஆரம்பித்தது, மூன்றா நான்கா என்ற சண்டை. வாரக்கணக்கில் செய்திகள். கிளப் நான்கு மாதத்துக்குக் குறையாது என்கிறது, ஆட்டக்காரர் இல்லை என்கிறார், டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடா என்றெல்லாம் எழுதினார்கள். வெளியிலிருந்து படிப்பவருக்கு இது முதுகெலும்பைப் பற்றிய வாதம் என்றுதான் தோன்றும். உண்மையில் பேச்சு முழுக்க சம்பளக் கணக்கு. ஸ்பெயின் லீக் விதிப்படி, ஒரு ஆட்டக்காரர் குறைந்தது நான்கு மாதம் ஆட முடியாது என்று லீக்கின் மருத்துவக் குழு ஏற்றுக்கொண்டால், அவர் சம்பளத்தில் ஒரு பெரும்பகுதியைச் சம்பள வரம்புக் கணக்கிலிருந்து விடுவித்து, அந்த இடத்தில் கிளப் வேறொருவரைப் பதிவு செய்துகொள்ளலாம். பார்சிலோனா அந்தக் கோடையில் ஜோன் கார்சியா என்ற புதுக் கோல்கீப்பரை வாங்கி வைத்திருந்தது. அவரைப் பதிவு செய்ய வழி தேடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் என்றால் அந்த வழி அடைபடும், நான்கு என்றால் திறக்கும். நடுவில் இருந்த அந்த ஒரு மாதத்துக்காகத்தான் அத்தனை தலைப்புச் செய்தியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மருத்துவ அறிக்கையை லீக்குக்கு அனுப்ப ஆட்டக்காரரின் கையெழுத்து வேண்டும். அவர் போட மறுத்தார். கிளப் கேப்டன் பொறுப்பைப் பறித்தது. அடுத்த ஓரிரு நாளில் கையெழுத்துப் போட்டார், பொறுப்பு திரும்பி வந்தது. கடைசியில் அவர் பார்சிலோனாவுக்காகக் களம் இறங்கியது டிசம்பரில். மூன்றும் கடந்துபோயிருந்தது, நான்கும் கடந்துபோயிருந்தது. அதுகூட முதுகு மட்டுமே தீர்மானித்த நாள் அல்ல. அதற்குள் கார்சியா முதல் கீப்பர் ஆகிவிட்டார், யாரை எப்போது இறக்குவது என்பது பயிற்சியாளரின் முடிவு.

ஆகவே ஒரு செய்தியில் தேதி வந்தால், அது யார் சொன்ன தேதி, அந்தத் தேதியால் யாருக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள். விளையாட்டுச் செய்திப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தத் தேதிகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறேன். "ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, குணமாவதைப் பொறுத்து வருகை முடிவாகும்" என்று கிளப் இரண்டு வரி கொடுக்கும். அதற்கு மேல் சொல்லாது. ஆனால் பக்கம் தினமும் நிரம்ப வேண்டும். அந்த ஆட்டக்காரரின் ஸ்கேனைப் பார்த்தே இராத ஒரு டாக்டரிடம், பொதுவாக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பார்கள். அவரும் பொறுப்பாக, ஆளைப் பொறுத்து இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பார். தலைப்பில் "ஆறு மாதம் ஆட மாட்டார்" என்று வரும். மறுவாரம் ஆட்டக்காரர் புல்லில் மெதுவாக ஓடுகிற படம் ஒன்று கிடைக்கும். "அடுத்த வாரமே வருகிறார்" என்று எழுதிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதரின் முதுகில் புதிதாக எதுவும் நடந்திருக்காது. உங்கள் மகன் துள்ளுவதும் துவளுவதும் இந்த இரண்டு தலைப்புகளுக்கு நடுவில்தான்.

இனி அவன் சொந்த முதுகுக்கு வருவோம். சாதாரண ஜவ்வு ஆபரேஷனில், நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். அழுத்தம் போனதும் கால் வலி சட்டென்று போய்விடும், பலருக்கு அன்றைக்கே போகும். ஆபத்து இங்கேதான். வலி போய்விட்டது, ஆனால் ஜவ்வின் வெளி வளையத்தில் விழுந்த ஓட்டை ஆற வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் குனிந்து திரும்பினால், பளு தூக்கினால், அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம். கோல்கீப்பர் வேலையே குனிந்து திரும்புவதுதானே! பக்கவாட்டில் பாய்ந்து இடுப்பில் விழுவது, விழுந்த வேகத்தில் எழுவது, உடம்பை முறுக்கி கோல் கிக் அடிப்பது. நடுக்களத்தில் ஆடுகிறவன் திரும்பி வருகிற கணக்கு இவனுக்குப் பொருந்தாது. எலும்பை இணைத்து ஸ்க்ரூ போட்ட ஆபரேஷன் என்றால் கணக்கே வேறு, அதில் எலும்பு ஒன்றுசேரவே பல மாதம் ஆகும். உங்கள் மகனுக்கு நடந்தது எது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜே.ஜே. வாட் என்று ஒருவர், பெரிய நட்சத்திரம். 2016 ஜூலையில் ஜவ்வு ஆபரேஷன், செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டத்துக்கே வந்துவிட்டார். மூன்று ஆட்டம்தான். முதுகு மறுபடி பாதிக்கப்பட்டு, இரண்டாவது ஆபரேஷனும் ஆகி, அந்த சீசன் அத்தோடு போயிற்று. ஆனால் 2018இல் முழு சீசனும் ஆடினார், பிரமாதமாக ஆடினார். இரண்டையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊரிலேயே நடந்தது பும்ராவின் கதை. அவருக்கு ஜவ்வு அல்ல, எலும்பில் விரிசல். 2023 ஜனவரியில் இலங்கைத் தொடருக்கு அவர் பெயரைச் சேர்த்து அறிவித்தார்கள், ஒரு வாரத்துக்குள் திரும்ப எடுத்தார்கள். மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன். பிறகு பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் மாதக்கணக்கில் உடம்பைத் தேற்றி, ஆகஸ்டில் அயர்லாந்தில் கேப்டனாக இறங்கி முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் எடுத்தார். அந்த மாதங்களில் அவரைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். அவர் அகாடமிக்குப் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உங்கள் மகனுக்கும் காலண்டரை விடப் படிகள்தான் முக்கியம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "எப்போது ஆடலாம்?" என்று கேட்காமல், "எதைச் செய்ய முடிந்தால் ஓட விடுவீர்கள்? எதைச் செய்ய முடிந்தால் பாய விடுவீர்கள்? எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்?" என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, பிசியோவிடம் கொடுத்து, ஒவ்வொரு படியாக டிக் செய்யட்டும். இரவில் தேடுவதற்குப் பதில் அவனுக்குப் பார்க்க சொந்தமாக ஒன்று கிடைக்கும்.

அந்த இரவு விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. ஸ்பெயினில் சாயங்காலச் செய்தி என்றால் நமக்கு நடுராத்திரி. அந்த நேரத்தில் கட்டிலில் இரண்டு தலையணையை அண்டக் கொடுத்து, முதுகை வளைத்து, கழுத்தைத் தொங்கப்போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்வது இப்போதைக்கு அவன் ஜவ்வுக்கு ஆகவே ஆகாத உட்காரல். தூக்கமும் போகிறது, புண் ஆறத் தூக்கமும் வேண்டும். காலையில் நடக்கும்போது படிக்கட்டும், செய்தி எங்கேயும் போய்விடாது.

செக்ரட்டரிக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ.யை குரூப்பில் போடவே வேண்டாம். பார்சிலோனா மாதிரி ஒரு கிளப்பாலேயே ஆட்டக்காரர் கையெழுத்து இல்லாமல் அவர் அறிக்கையை லீக்குக்கு அனுப்ப முடியவில்லை. ஏ டிவிஷன் கீப்பருக்கும் அதே மரியாதை உண்டு. "டாக்டர் பர்மிஷன் கொடுத்ததும் அவனே வந்து சொல்வான் சார்" என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். வீட்டில் யார் ஃபோனை எடுத்தாலும் இதே வார்த்தை. பொங்கலுக்குள், அடுத்த மாதத்துக்குள் என்று வாய்தவறியும் ஒரு தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒப்புக்குச் சொன்ன தேதி நான்கு பேர் வாய்க்குப் போய் அவனுக்கே கெடுவாகத் திரும்பி வரும். ஆனால் அவனைக் களத்தில் இறக்கப்போகிற கோச்சிடம் எதையும் மறைக்கக் கூடாது. என்ன ஆபரேஷன், எந்தப் படியில் இருக்கிறான், எதைச் செய்யக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

தெருவில் பேசுகிறவர்களிடம் கோபப்படாதீர்கள். பெலேவுக்குச் சிலை வைத்த ஏரியா உங்களுடையது. அங்கே ஒரு கீப்பர் இரண்டு மாதமாகக் காணோம் என்றால் பேசத்தான் செய்வார்கள். "முதுகுல கத்தி வெச்சா அவ்வளவுதான்" என்று யாராவது அவன் காதுபடச் சொன்னால் மட்டும், அவன் முன்னாலேயே அழுத்தமாக மறுத்துப் பேசுங்கள்.

ட்ரையல்தான் கஷ்டமான விஷயம். வேலை என்பது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று கடிதத்தைப் படிக்கும்போதே புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்: டாக்டர் பாய அனுமதிக்காத நிலையில் அவன் அங்கே போகக் கூடாது. ட்ரையலில் யாரும் பாதி வேகத்தில் பாய்வதில்லை, அதுவும் வேலை கண்முன் நிற்கும்போது. ட்ரையல் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள், அந்தத் தேதிக்காக அவரைக் கெஞ்சாதீர்கள். அனுமதி இல்லையென்றால் மருத்துவச் சான்றோடு அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அடுத்த தேர்வு எப்போது என்று கேட்கட்டும். ஆபரேஷனை மறைத்துவிட்டுப் போகிற யோசனை யாராவது கொடுத்தால் காதில் வாங்காதீர்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, எந்த ராத்திரியானாலும் நேராக நரம்பியல் வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோ, தையல் போட்ட இடத்தில் சீழோ தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மைதானத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்க அனுமதி இருக்கிறதென்றால் தாராளமாக அனுப்புங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே. கோலுக்குப் பின்னால் நின்று சின்னப் பையன்களில் ஒரு கீப்பருக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்று குரல் கொடுக்கட்டும். கேலரி சிமென்ட் படியில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். பந்து அவன் பக்கம் உருண்டு வந்தால் குனிந்து எடுக்காமல் அடுத்தவனை எடுக்கச் சொல்லட்டும். கிளப் ஜெர்சி போட்டுக்கொண்டு போகட்டும், க்ளவுஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.